கூடைப்பந்தும் முழங்கையும்

பெண்கள் ஆடும் ஆட்டத்தில் முரட்டுத்தனம் இருக்கலாமா என்று எவரேனும் நம்மைக் கேட்டால், ஆண்கள் ஆடும் ஆட்டத்தில் இருக்கலாமா என்று திருப்பிக் கேட்பதே நமது வழக்கம். அமெரிக்காவில் சம்பளம் பெற்று ஆடும் பெண்களின் கூடைப்பந்துப் பந்தயங்களைச் சில ஆண்டுகளாக நாம் கவனித்து வருகிறோம். அங்கே மாலை ஆட்டம் என்றால் நமக்கு விடியற்காலை. காலை ஷிப்டுக்குப் புறப்படுமுன் காபியுடன் அரைமணி நேரம் கைப்பேசியில் பார்த்துவிடலாம். அலுவலக நண்பர்களிடம் ஓர் ஆட்டக்காரி மற்றொருத்தியைத் தள்ளிவிட்ட காட்சியைக் காட்டினால், உடனே ஒருவர், “சரிதான், அங்கேயும் குழாயடிச் சண்டைதானா?” என்று சிரிக்கிறார். ஆண்கள் கைகலந்தால் அதே நண்பர், “ஆட்டம் சூடு பிடித்துவிட்டது” என்கிறார். சொல்லிலேயே இவ்வளவு ஓரவஞ்சனை இருக்கிறது.

இந்த ஓரவஞ்சனை ஆட்டத்தின் பிறப்போடு கூடவே பிறந்ததுதான். 1891-ஆம் ஆண்டில் மாஸசூஸட்ஸ் மாகாணத்து ஸ்பிரிங்ஃபீல்டு நகரில் ஜேம்ஸ் நெய்ஸ்மித் என்னும் உடற்பயிற்சி ஆசிரியர் கூடைப்பந்தை அமைத்தார். அவர் எழுதிய விதிகள் பதின்மூன்று. தோளால் இடிப்பது, பிடித்து நிறுத்துவது, தள்ளுவது, காலை வாருவது, அடிப்பது யாவும் கூடா என்பது அவற்றுள் ஒன்று. முதல் முறை செய்தால் ஃபவுல். இரண்டாம் முறை செய்தால் அடுத்த கோல் விழும்வரை வெளியே நிற்க வேண்டும். காயப்படுத்தும் எண்ணம் தெளிவாகத் தெரிந்தால் ஆட்டம் முழுவதற்கும் வெளியேற்றம். அவருக்குப் பதில் ஆளும் கிடையாது. ஆண்களுக்காக எழுதப்பட்ட விதிகள் இவை. முரட்டுத்தனம் வரும் என்று எதிர்பார்த்தே அந்த மனிதர் விதியை வகுத்திருக்கிறார்.

அடுத்த ஆண்டே, 1892-இல், ஸ்மித் கல்லூரியில் செண்டா பெரென்சன் என்னும் ஆசிரியை இந்த ஆட்டத்தைப் பெண்களுக்குக் கற்பித்தார். அவர் முரட்டுத்தனத்தைத் தண்டிப்பதைவிட, அது நிகழவே இடமில்லாமல் செய்துவிட விரும்பினார். ஆடுகளத்தை மூன்று பகுதிகளாகக் கோடு கிழித்து, ஒவ்வொருத்தியும் தன் பகுதியை விட்டு நகரக்கூடாது என்றார். எதிரியின் கையிலிருந்து பந்தைப் பறிக்கவும் தடை விதித்தார். பெண்கள் ஓடினால் என்ன ஆகுமோ என்று ஊரார் அஞ்சிய காலத்தில், ஆட்டத்தையே நிறுத்திவிடாமல் காத்த சாமர்த்தியம் அது என்று நாம் கருதுகிறோம். ஆயினும் அந்தக் கோடுகள் அழிய ஒரு நூற்றாண்டு பிடித்தது. ஆறு ஆறு பேராக நின்று, பாதிக் களத்துக்குள்ளேயே ஆடும் பெண்கள் ஆட்டம் அயோவா மாகாணப் பள்ளிகளில் 1993 வரையில் நடந்தது. அதே அயோவாவில் 2002-இல் பிறந்தவர்தான், பின்னர் உலகமே பேசிய கெய்ட்லின் கிளார்க்.

டபிள்யூ.என்.பி.ஏ. எனப்படும் பெண்கள் லீக் 1996-இல் நிறுவப்பெற்று, 1997-இல் ஆட்டங்களைத் தொடங்கியது. பத்து நிமிஷங்கள் கொண்ட நான்கு கால்பகுதிகள். ஒருத்திக்கு ஆறு ஃபவுல் ஆனால் வெளியேற்றம். கூடைக்கு அடியில் ஆறடிக்கு மேற்பட்ட பெண்கள் பந்துக்காக எழும்பும்போது தோளும் இடுப்பும் மோதாமல் இருக்க முடியாது. இது நமது ரேழியில் ஆடும் பல்லாங்குழி அன்று. எனவே மோதல் எல்லாம் குற்றமாகாது என்பதை முதலில் ஒப்புக்கொள்ள வேண்டும். எந்த மோதல் குற்றம், அதை எவர், எப்போது சொல்வது என்பதில்தான் அந்த லீக் இன்றளவும் தடுமாறி வந்திருக்கிறது.

2008-ஆம் ஆண்டு ஜூலை 22-ஆம் தேதி டெட்ராய்ட் நகரையடுத்த ஆபர்ன் ஹில்ஸ் பாலஸ் அரங்கில் டெட்ராய்ட் ஷாக் அணியும் லாஸ் ஏஞ்சல்ஸ் ஸ்பார்க்ஸ் அணியும் ஆடின. ஆட்டம் முடியச் சில விநாடிகளே இருந்தன. ஸ்பார்க்ஸ் முன்னணியில் இருந்தது. அந்த நேரத்தில்தான் ஷாக் அணியின் ப்ளெனெட் பியர்சனும், அவ்வாண்டே லீக்கில் சேர்ந்த கேண்டஸ் பார்க்கரும் மோதிக்கொண்டனர். பார்க்கர் விழுந்தார், எழுந்தார், கையை ஓங்கினார். இரண்டு பெஞ்சுகளும் காலியாயின. சண்டையை விலக்க வந்தவர் ஷாக் அணியின் உதவிப் பயிற்சியாளர் ரிக் மஹார்ன். ஒரு காலத்தில் ஆண்கள் லீக்கில் முரட்டு ஆட்டத்துக்கே பேர்போன டெட்ராய்ட் பிஸ்டன்ஸ் அணியில் ஆடிய ஆஜானுபாகு. அவர் கைபட்டு லிசா லெஸ்லி கீழே விழ, விலக்க வந்தவரே வழக்கில் சிக்கினார். தன் தோழி பியர்சனைப் பிடித்து நிறுத்த முயன்ற செரில் ஃபோர்டின் முழங்கால் தசைநார் அறுந்துபோயிற்று. அவருக்கு அந்த ஆண்டு ஆட்டமே முடிந்தது. சண்டை போட்டவர்கள் தடை முடிந்து திரும்பி வந்தார்கள். சண்டையைத் தடுத்தவர் வரவில்லை. நமக்கு அந்த நிகழ்ச்சியில் மனத்தில் தைத்தது இதுவே.

லீக் தாமதிக்கவில்லை. பத்து ஆட்டக்காரிகளுக்கும் மஹார்னுக்கும் தடை விதித்தது. பியர்சனுக்கு நான்கு ஆட்டங்கள், மஹார்னுக்கு இரண்டு. பெஞ்சை விட்டு எழுந்து வந்த குற்றத்துக்கே சிலர் உட்கார வேண்டியதாயிற்று. ஆள் பற்றாமல் போன ஷாக் அணி, ஐம்பது வயதான நான்சி லீபர்மன் என்னும் பழம்பெரும் ஆட்டக்காரியை ஏழு நாள் ஒப்பந்தத்தில் களமிறக்கியது. ஐம்பது வயதில் அந்த அம்மாள் ஒன்பது நிமிஷம் ஆடினார் என்பது தனிக் கட்டுரைக்குரிய விஷயம்! அந்த ஆண்டுக் கோப்பையையும் ஷாக் அணியே வென்றது.

இதே பாலஸ் அரங்கில் 2004 நவம்பரில் ஆண்கள் அணிகள் மோதி, ஆட்டக்காரர்கள் பார்வையாளர் கூட்டத்துக்குள்ளேயே புகுந்து அடித்தார்கள். அதில் ரான் ஆர்டெஸ்ட் என்பவர் அந்தப் பருவத்தில் மீதியிருந்த ஆட்டங்கள் முழுவதும் ஆட முடியாமற் போனார். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பவர், பெண்கள்தாம் பொறாமையாலும் கோபத்தாலும் நிதானம் இழப்பவர்கள் என்று இனி வாய் திறக்கலாமா?

இனித் தண்டனை முறைக்கு வருவோம். நாம் பணிபுரியும் பிரிவில் குற்றப்பத்திரிகைகள் அன்றாடம் கைமாறும். 1968-ஆம் ஆண்டின் ஒழுங்கு மற்றும் மேல்முறையீட்டு விதிகளை அறியாத இரயில்வே ஊழியர் இல்லை. சிறு தண்டனைக்கு எஸ்.எஃப்.11, பெருந்தண்டனைக்கு எஸ்.எஃப்.5. எந்தத் தாள் வந்திருக்கிறது என்று கேட்டே வீட்டில் உலை வைப்பதா வேண்டாமா என்று தீர்மானிப்பார்கள்! கூடைப்பந்திலும் ஏறக்குறைய அப்படித்தான். சாதாரண ஃபவுலுக்கு மேலே ‘ஃப்ளாக்ரண்ட்’ எனப்படும் அப்பட்டமான ஃபவுல் இரண்டு தரம். தேவையற்ற மோதல் முதல் தரம். தேவையற்றதும் வரம்பு மீறியதுமான மோதல் இரண்டாம் தரம். முதலாவதற்கு எதிரணிக்கு இரண்டு ஃப்ரீ த்ரோவும் பந்தும் கிடைக்கும். இரண்டாவதற்கு அவற்றோடு குற்றவாளி உடனே வெளியேற்றம். வாய்த்துடுக்குக்கும் நடத்தைக்கேட்டுக்கும் டெக்னிக்கல் ஃபவுல் தனி. 2013-இல் டயானா டாரசி என்பவர், தம்மோடு மல்லுக்கட்டி நின்ற எதிரணி ஸிமோன் அகஸ்டஸின் கன்னத்தில் குறும்பாக முத்தமிட, நடுவர் இருவர் மீதும் ஃபவுல் எழுதிய வேடிக்கையும் நடந்தது. முத்தத்துக்கு எந்தத் தாள் என்று விதியில் இல்லை போலும்.

விதியில் குறையில்லை. விதி எந்த வேளையில் விழித்துக்கொள்கிறது என்பதில்தான் சங்கடம். 2024 ஜூன் 1-ஆம் தேதி இண்டியானா ஃபீவர் அணிக்கும் சிகாகோ ஸ்கை அணிக்கும் ஆட்டம். பந்து இன்னும் களத்துக்குள் எறியப்படவே இல்லை. அதற்குள் ஸ்கை அணியின் செனடி கார்ட்டர் வந்து இடுப்பால் ஓர் இடி இடித்து, கிளார்க்கைக் கீழே தள்ளினார். நடுவர்கள் அதைச் சாதாரண ஃபவுலாக எண்ணி ஆட்டத்தை நடத்திவிட்டனர். மறுநாள் லீக் அலுவலகம் படத்தைப் பார்த்து, அது முதல் தர ஃப்ளாக்ரண்ட் என்று தரம் உயர்த்தியது. ஃபீவர் வென்றது 71-க்கு 70 என்னும் ஒரே புள்ளியில். அந்த ஒரு புள்ளி மறுபக்கம் விழுந்திருந்தால், மறுநாள் வந்த திருத்தம் எவருக்குப் பயன்பட்டிருக்கும்? வண்டி போன பிறகு கைகாட்டி இறக்குவது போன்ற காரியம் இது. அதே ஆட்டத்துக்குப்பின் பத்திரிகையாளரைச் சந்திக்கத் தவறியதற்காக ஏஞ்சல் ரீஸ் என்னும் ஆட்டக்காரிக்கு 1,000 டாலரும், அவரது ஸ்கை அணிக்கு 5,000 டாலரும் அபராதம் விதித்தார்கள். இடித்தவருக்கு ஆட்டத்தடை இல்லை.

எம் மகளுக்குப் பன்னிரண்டு வயது. எமது காலனியின் இரயில்வே இன்ஸ்டிட்யூட் மைதானத்தில் இரண்டு ஆண்டுகளாகக் கூடைப்பந்து ஆடுகிறாள். சென்ற குளிர்காலத்தில் பக்கத்துக் காலனிச் சிறுமிகளுடன் நடந்த ஓர் ஆட்டத்தில் எதிரணிப் பெண்ணின் முழங்கை பட்டு இவளுடைய உதடு கிழிந்தது. நடுவராக நின்றவர் நல்ல மனிதர், ஆனால் விசில் கையில் இருக்கிறதே தவிர ஊதத் துணிவில்லை. குழந்தைகள்தானே என்று விட்டுவிட்டார். ஐந்து நிமிஷம் கழித்து எம் மகளின் தோழி ஒருத்தி அந்த முழங்கைப் பெண்ணை வேண்டுமென்றே தள்ளினாள். சிமெண்ட் தரையில் விழுந்து அந்தக் குழந்தையின் இரண்டு முழங்காலும் தோலுரிந்தன. அதற்கும் விசில் இல்லை.

அன்றிரவு அக்கம்பக்கத்து மாமி ஒருவர் வந்து, பெண் குழந்தைக்கு இந்த ஆட்டம் எதற்கு, நாளைக்கு முகத்தில் தழும்பு வந்தால் என்ன செய்வீர்கள் என்று வருத்தப்பட்டார். அவர் போன பிறகு எம் இல்லத்தரசி சொன்னது வேறு: “உதட்டில் இரத்தம் வந்ததற்கு நான் பயப்படவில்லைங்க. அந்தப் பெண் விழுந்தபோது இவள் கைதட்டினாள், பார்த்தீர்களா? அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது.” நமக்கும் அப்படியே தோன்றியிருந்தது. மகளை அழைத்துக் கேட்டோம். “அவர்தான் ஃபவுல் கொடுக்கவில்லையே அப்பா, அப்புறம் யார் கொடுப்பது?” என்றாள். பன்னிரண்டு வயதுக் குழந்தையின் தர்க்கத்துக்கு அன்று நம்மிடம் விடை இல்லை.

சில மாதங்கள் சென்று, 2025 ஜூன் 17-ஆம் தேதி ஆட்டத்தில் அதே தர்க்கத்தைப் பெரியவர்கள் நடத்திக்காட்டினர். ஃபீவர் அணியும் கனெக்டிகட் சன் அணியும் மோதின. மூன்றாம் கால்பகுதியில் சன் அணியின் ஜேசி ஷெல்டனின் விரல் கிளார்க்கின் கண்ணில் பட்டது. கிளார்க் அவரைத் தள்ளினார். எங்கிருந்தோ வந்த மரீனா மேப்ரி கிளார்க்கைத் தரையில் வீழ்த்தினார். நடுவர்கள் ஷெல்டனுக்கு முதல் தர ஃப்ளாக்ரண்டும், மேப்ரிக்கு வெறும் டெக்னிக்கலும் கொடுத்து மேலே சென்றனர். மேப்ரி களத்திலேயே இருந்தார். ஆட்டம் முடிய ஒரு நிமிஷம்கூட இல்லாதபோது, பெரும் முன்னணியில் இருந்த ஃபீவரின் சோஃபி கன்னிங்ஹாம், கூடைக்குப் பந்தோடு ஓடிய ஷெல்டனை இறுகப் பற்றிக் கீழே இழுத்தார். கைகலப்பு ஆயிற்று, கன்னிங்ஹாம் வெளியேற்றப்பட்டார். ஃபீவர் 88-71 என்று வென்றது. மறுநாள் லீக் அலுவலகம், மேப்ரி செய்தது இரண்டாம் தரமே என்று திருத்தியது. அதாவது, அவர் அப்போதே வெளியேற்றப்பட்டிருக்க வேண்டும். அப்போதே அவ்வாறு செய்திருந்தால் கடைசி நிமிஷச் சண்டைக்குக் காரணமே இருந்திராது என்று நாம் எண்ணுகிறோம். ஃபீவரின் பயிற்சியாளர் ஸ்டெஃபனி ஒயிட்டும், எல்லாரும் முன்னேறுகிறார்கள், நடுவர்கள் மட்டுமே முன்னேறவில்லை என்று அன்று குறைப்பட்டார்.

அப்புறம் நடந்ததுதான் நம்மை உறுத்துகிறது. கன்னிங்ஹாம் ஒரே நாளில் பிரபலமானார். சமூக ஊடகத்தில் அவரைப் பின்தொடர்வோர் இலட்சக்கணக்கில் பெருகினர். அவர் பெயர் பொறித்த சட்டைகள் விற்றுத் தீர்ந்தன. நடுவர் செய்யாததை இவர் செய்தார் என்று ஊரே கைதட்டியது. எம் வீட்டுக் குழந்தை கைதட்டியதும் இதே காரணத்துக்குத்தான். கன்னிங்ஹாம்மீது நமக்குக் கோபமில்லை. தோழிக்காக முன்வந்தவர் அவர். ஆனால் கண்ணில் விரல் பட்டவர் ஒருவர், பழி தீர்த்தவர் மற்றொருவர், தீர்ப்பு எழுதியவர் மூன்றாமவர் என்று ஆகிவிட்டால் அங்கே நடப்பது ஆட்டமாக இராது.

கைதட்டலுக்கு இன்னொரு பக்கமும் உண்டு. 2024 செப்டம்பரில், பிளே-ஆப் முதல் ஆட்டத்தில், சன் அணியின் டிஜொனே காரிங்டனின் விரல் கிளார்க்கின் கண்ணில் பட்டுக் கண் கறுத்துவிட்டது. ஃபவுல் எதுவும் கொடுக்கப்படவில்லை. வேண்டுமென்று செய்ததல்ல என்று கிளார்க்கே சொன்னார். அப்படியும் காரிங்டனுக்கு நிறவெறி கொண்ட மிரட்டல் வந்தது. லீக் அதைக் கண்டித்து அறிக்கை விட வேண்டியிருந்தது. கிளார்க் வெள்ளைக்காரப் பெண்; காரிங்டன், கார்ட்டர், ரீஸ் ஆகியோர் கறுப்பினப் பெண்கள். ஒருத்தியின் முழங்கை தற்செயல், இன்னொருத்தியின் முழங்கை குணக்கேடு என்று தோலைப் பார்த்து முடிவு செய்யும் கூட்டம் அங்கே பெரிது. வந்த ஊரில் ஒரு சச்சரவு என்றால் ‘மதராசி’ என்று முதல் வார்த்தையிலேயே தீர்ப்பைக் கேட்டிருக்கும் நம் குடும்பங்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. களத்தில் நடுவர் உரிய நேரத்தில் விசில் ஊதினால் இந்தக் கூட்டம் திருந்திவிடும் என்று நாம் சொல்லமாட்டோம். ஊதாமல் விட்டால், தீர்ப்புச் சொல்லும் வேலை முழுவதும் அந்தக் கூட்டத்தின் கையில் போய்ச் சேருகிறது.

2025 செப்டம்பர் 26-ஆம் தேதி ஃபீனிக்ஸ் நகரில் அரையிறுதியின் மூன்றாம் ஆட்டம். கடைசி நிமிஷத்தில் ஃபீனிக்ஸ் மெர்க்குரியின் அலிசா தாமஸ் பந்தைப் பறித்தபோது, மின்னசோட்டா லிங்ஸ் அணியின் நபீசா காலியர் மோதி விழுந்து கணுக்காலில் பலத்த காயம் பட்டார். நடுவர் ஃபவுல் கொடுக்கவில்லை. லிங்ஸ் பயிற்சியாளர் செரில் ரீவ் களத்துக்குள் ஓடிச்சென்று கூச்சலிட்டு வெளியேற்றப்பட்டார். பின்னர் பத்திரிகையாளரிடம் நடுவர்களையும் அவர்களை நியமிப்பவர்களையும் காரசாரமாகச் சாடினார். அவருக்கு ஓர் ஆட்டம் தடை. 15,000 டாலர் அபராதம் என்று செய்திகள் வந்தன. அவரை ஆதரித்துப் பேசிய ஸ்டெஃபனி ஒயிட்டுக்கும் பெக்கி ஹாமனுக்கும்கூட அபராதம். காலியரும் ரீவும் இல்லாமல் நான்காம் ஆட்டத்தில் லிங்ஸ் தோற்று வீடு திரும்பியது. சில நாட்களில் காலியர், லீக் தலைமையே மோசமானது என்று பகிரங்கமாக அறிக்கை படித்தார். அவர் அப்போது ஆட்டக்காரிகள் சங்கத்தின் துணைத்தலைவர்களுள் ஒருவர். வாய்க்கு வந்ததைப் பேசுபவர் அல்லர்.

ரீவ் களத்துக்குள் ஓடியது தவறுதான், தடைக்கு உரியதே. ஆனால் 2024-இல் லீக்கில் சேர்ந்த கிளார்க்கின் அவ்வாண்டுச் சம்பளமே 76,535 டாலர். அப்படிப்பட்ட லீக்கில் பேச்சுக்கு 15,000 டாலர் என்றால், முழங்கைக்கு என்ன விலை என்று கேட்கத் தோன்றுகிறதல்லவா? எந்த அலுவலகத்திலும் வேலையைக் கெடுத்தவன் மீது வரும் தாளைவிட, வேலை கெட்டது என்று சொன்னவன் மீது வரும் தாள் விரைவாக வரும். அது அட்லாண்டிக் கடலுக்கு அப்பாலும் அப்படியே என்பது நமக்கு ஒருவித ஆறுதல்!

நம்மவருக்கும் அந்த லீக்குக்கும் ஒரு மெல்லிய தொடர்பு உண்டு. சென்னையில் தெற்கு இரயில்வேயில் பணியாற்றிய கேரளத்துப் பெண் கீது அன்னா ஜோஸ், இந்திய அணியின் நடுநாயகமாக விளங்கியவர். 2011-இல் சிகாகோ, லாஸ் ஏஞ்சல்ஸ், சான் அன்டோனியோ அணிகள் அவரைத் தேர்வுக்கு அழைத்தன. இந்தியப் பெண் ஒருவருக்கு அத்தகைய அழைப்பு வந்தது அதுவே முதன்முறை. இடம் கிடைக்கவில்லை, ஆனால் அழைப்பு வந்தது. தேசியப் போட்டிகளில் பெண்கள் கோப்பையைப் பலமுறை கொண்டுவந்ததும் இரயில்வே அணிதான். அந்தப் பெண்களும் உதடு கிழியாமல் அவ்வளவு தூரம் சென்றிருக்கமாட்டார்கள்.

எம் மகள் தொடர்ந்து ஆடுகிறாள். மாமிக்கு இன்னும் சமாதானமாகவில்லை. சங்கத்தின் பொங்கல் விளையாட்டு விழாவில் பெண் குழந்தைகளுக்கு இதுவரை கோலப்போட்டியும் மியூசிக்கல் சேரும் மட்டுமே இருந்து வருகின்றன. இவ்வாண்டு ஒரு கூடைப்பந்து ஆட்டமும் வைக்கலாம் என்று செயற்குழுவுக்கு எழுதியிருக்கிறோம். இன்ஸ்டிட்யூட் செயலாளர் மாலை நான்கு மணிக்குமேல் மைதானம் தருவதாகச் சொல்லிவிட்டார். நடுவராக நம்முள் ஒருவரை நிறுத்த வேண்டாம் என்பதே நமது ஒரே நிபந்தனை. எவர் வீட்டுக் குழந்தை என்று அறியாத, தேர்வு எழுதித் தேறிய நடுவர் ஒருவரை வெளியிலிருந்து அழைப்போம். அவருடைய கட்டணத்தில் பாதியை நாம் ஏற்கிறோம். மீதிப் பாதிக்கு முன்வரும் அன்பர்கள் இம்மாத இறுதிக்குள் பொருளாளரிடம் பெயர் கொடுக்கலாம்.